மாரிக்காலத் தோட்டமும் கோடைத் தக்காளியும்

கார்த்திகை விளக்கீடு கழிந்து, மார்கழித் திருவெம்பாவைக்குக் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் யாழ்ப்பாணத்து வளவுகள் பச்சைப் பசேலெனக் காட்சியளிக்கும். கிணற்றில் நீர் மேலேறி நிற்கும். வேலியோரத்துப் புல் முழங்கால் அளவுக்கு உயர்ந்திருக்கும். மழை பெய்கின்றது, தோட்டத்தில் இனி வேலையில்லை என்று மண்வெட்டியைத் தாழ்வாரத்திலே சாத்திவிட்டு ஓய்ந்திருப்போர் பலர். உண்மை அதற்கு மாறானது. கோடையிலே கறிக்கு உதவும் காயும், கூந்தலிற் சூடும் பூவும் இந்த மழை நாட்களிலேயே தீர்மானிக்கப்படுகின்றன.

தோட்டக்கலை நூல்கள் பல குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. இங்கிலாந்திலே கார்த்திகை முதல் மாசி வரை இலையுதிர் செடிகள் உறங்குகின்றன. அந்த உறக்க காலத்திலேதான் அங்குள்ளோர் செடிகளைப் பெயர்த்து நடுகின்றனர். அடுப்பங்கரையில் குளிர்காய்ந்தபடி விதைப் பட்டியல்களைப் புரட்டி, வரப்போகும் கோடைக்குரிய தக்காளியைத் தெரிவு செய்கின்றனர். மாசி, பங்குனியில் வீட்டினுள்ளே விதையிட்டு, உறைபனி நீங்கிய பின்னர் வைகாசி அளவில் வெளியே நடுகின்றனர். நமது நாட்டிலும் ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தை, மாசி மாதங்களின் தெளிந்த இரவுகள் சிலவற்றில் தரையிலே உறைபனி படிந்து, தக்காளி போன்ற மென்செடிகளைக் கருக்கிவிடுவதுண்டு. யாழ்ப்பாணத்துக்கு இவ்விதிகள் அப்படியே பொருந்தா. செடி பெயர்க்கும் காலம் இங்கும் அதுவே. தக்காளியின் காலமோ முற்றிலும் வேறு. இந்த வேறுபாட்டை உணராமையாலேயே பலருடைய முயற்சி வீணாகின்றது.

முதலில் செடி பெயர்த்தலை எடுத்துக்கொள்ளலாம். முற்றத்திலே இடம் தவறி நட்ட செவ்வரத்தையோ, நிழலில் அகப்பட்டுப் பூக்காதிருக்கும் நந்தியாவட்டையோ இடம் மாற வேண்டியிருக்கலாம். செடியைத் தோண்டும்போது, நீரை உறிஞ்சும் நுண்வேர்கள் பெரும்பாலும் அறுந்து மண்ணோடு தங்கிவிடுகின்றன. இலைகளோ முன்போலவே நீரை ஆவியாக வெளிவிட்டுக்கொண்டிருக்கின்றன. வரவு குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் நிலை அது. இங்கிலாந்துச் செடி இலையை உதிர்த்து அந்தச் செலவை நிறுத்திக்கொள்கின்றது. நமது செடிகளுக்கு அந்த வழக்கம் இல்லை. அவற்றுக்கு மழைமேகமும் ஈரக்காற்றுமே துணை. ஆகவே கார்த்திகை, மார்கழியே இதற்கு உகந்த காலம்.

செய்யும் முறையும் எளிதன்று, எனினும் கடினமுமன்று. புதிய குழியை முன்னதாகவே ஆயத்தஞ் செய்தல் வேண்டும். வலிகாமத்துச் செம்மண்ணிலே சிறிது ஆழத்தில் சுண்ணக்கல் எதிர்ப்படுமாதலின் அலவாங்கும் தேவைப்படலாம். குழியிலே மழைநீர் தேங்கி நிற்குமாயின் அவ்விடத்தைக் கைவிடுதல் நன்று. வேருக்கும் மூச்சுக் காற்று வேண்டும். பின்னர் செடியின் கொப்புகளில் மூன்றிலொரு பங்கை வெட்டிவிட்டு, மாலை வேளையிலே, அடியைச் சுற்றி வட்டமாகத் தோண்டி, வேரைச் சூழ்ந்த மண் சிதறாதவாறு சாக்கிலே கட்டித் தூக்குதல் வேண்டும். முன்பு எவ்வளவு ஆழத்தில் நின்றதோ அவ்வளவு ஆழத்திலேயே நட்டு, மண்ணைக் காலால் இறுக்கி, நீர் விட்டு, சில நாட்களுக்குப் பனையோலையால் நிழல் செய்து கொடுத்தால் செடி புதிய இடத்தைத் தனதாக்கிக்கொள்ளும். மழை பெய்கிறதே என்று நீர்விடாதிருத்தல் தவறு. முதல் நீர் வேருக்கும் மண்ணுக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தை நிரப்புகின்றது.

வேலிக்குரிய கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவைக் கதிகால்களும் இந்த ஈரத்திலேயே வேர்விடும். மல்லிகையை மார்கழியில் துணிந்து கத்தரித்துவிட வேண்டும். பூக்கள் புதிதாகத் தளிர்க்கும் கொப்புகளிலேயே தோன்றுமாதலின், இப்போது வெட்டத் தயங்குபவர் பங்குனியில் இலையை மட்டுமே காண்பார். களையெடுக்கும்போது சிரட்டை, தகரப்பேணி, உடைந்த சட்டி ஆகியவற்றையும் பொறுக்கி அகற்றுதல் நன்று. அவற்றிலே தேங்கும் நீரில்தான் டெங்கு நுளம்பு பெருகுகின்றது.

இனித் தக்காளி. தென்னமெரிக்க மலைப்பகுதிகளைப் பூர்வீகமாகக் கொண்டு, ஸ்பானியர் வழியே உலகெங்கும் பரவிய இச்செடி வெயிலை விரும்புவது. ஆனால் கடும் வெப்பத்தை விரும்பாதது. பகல் வெப்பம் 32 பாகை செல்சியசை மீறி, இரவும் தணியாதபோது மகரந்தம் வலிமையிழக்கின்றது. பூக்கள் பிஞ்சாகாமல் உதிர்கின்றன. ஆகவே கோடையில் உண்ணும் தக்காளி, கோடை பிறக்குமுன்னரே பூத்துவிட வேண்டும்.

இரு அயல் வீடுகளை எண்ணிப் பார்க்கலாம். ஒரு வீட்டின் இல்லத்தரசி கார்த்திகையின் முற்பகுதியில், மழைக்கு மறைப்பிட்ட மேடையிலே விதையிடுகின்றார். நான்கு வாரத்தில், பெருமழை ஓயும் மார்கழியில், நாற்று நடப்படுகின்றது. தையின் குளிர்ந்த இரவுகளிலே செடி பூக்கின்றது. மாசி பிற்பகுதியில் பழம் சிவக்கின்றது. அயல்வீட்டினர் மழை முற்றாக விடட்டும் எனக் காத்திருந்து, தைப்பொங்கல் கழிந்த பின் விதைக்கின்றனர். அவர்களுடைய செடி பங்குனியிலே பூக்கின்றது. செடி செழித்து நிற்கும், நீர் இறைத்துக் கை சோரும், பழமோ சில. விதையும் மண்ணும் உழைப்பும் ஒன்றே. வேறுபட்டது நாட்காட்டி மட்டுமே.

மழைக்காலத்து நாற்றுமேடைக்குத் தனிக் கவனம் வேண்டும். மேடை அரை அடியேனும் உயர்ந்திருத்தல் அவசியம். விதைக்குமுன் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் மேல்மண்ணிலுள்ள பூஞ்சணங்கள் அழியும். இல்லையேல், முளைத்த நாற்று கழுத்தருகே மெலிந்து ஒரே இரவில் சாய்ந்துவிடும். நாற்றை நடும்போது முதல் இலைகள் வரை ஆழமாகப் புதைக்கலாம். மண்ணுள் மறைந்த தண்டிலிருந்தும் வேர்கள் தோன்றும். பெயர்த்து நடும் செவ்வரத்தைக்கு ஆகாத இந்த முறை தக்காளிக்கு நன்மையே செய்யும். வரிசைக்கு வரிசை இரண்டரை அடியும் செடிக்குச் செடி ஒன்றரை அடியும் இடைவெளி விட்டு, ஊன்றுதடி நாட்டிக் கட்டினால் பழம் மண்ணில் தொடாது.

கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை ஆகியன தக்காளியின் உறவுகள். அவை நின்ற தறையிலே தக்காளியை நட்டால் அவற்றின் நோயையும் சேர்த்தே நடுவதாக முடியும். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென வாடினால், அதன் அடித்தண்டை வெட்டித் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையிலே தொங்கவிட்டுப் பார்க்கலாம். பால்போன்ற வெண்ணிழை நீரில் இறங்குமாயின் அது பற்றீரிய வாடல். அச்செடியை வேரோடு பிடுங்கி எரித்துவிட்டு, அவ்விடத்தில் இக்குடும்பப் பயிர்களைச் சில ஆண்டுகளுக்குத் தவிர்ப்பதே வழி. பழத்தின் அடி கறுத்து அழுகுவது பெரும்பாலும் ஒருநாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக நீர் பாய்ச்சுவதன் விளைவு. அதற்கு மருந்து ஒழுங்கான நீர்.

நீரைப் பற்றிப் பேசும்போது கிணற்றை மறத்தலாகாது. குடாநாட்டிலே வற்றாத ஆறு இல்லை. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையில் பெய்து, சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராகத் தங்குகின்றது. தக்காளிக்குப் பாய்ச்சும் நீரும் குழந்தைக்குக் கொடுக்கும் நீரும் அந்த ஒன்றே. மழை நாளில் அள்ளித் தெளிக்கும் யூரியாவைப் பயிர் முழுதும் உண்பதில்லை. மிகுதி நைத்திரேற்றாகி நிலத்தடி நீரையே சேர்கின்றது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பைக் குடாநாட்டுக் கிணறுகள் பல மீறியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அது மிகுந்த நீர், புட்டிப்பால் அருந்தும் பச்சிளங் குழந்தைகளுக்கு ஆபத்தானது. ஆகவே மாரியில் குழையும் சாணமும் கூட்டெருவும் மண்ணுக்குப் போதும். செயற்கைப் பசளை வேண்டுமாயின், மழை ஓய்ந்தபின், அளவறிந்து, சிறிது சிறிதாக இடுதலே முறை. வைக்கோலோ சருகோ கொண்டு பாத்தியை மூடிவைத்தால், இறைக்கும் நீரிலும் ஒரு பகுதி மிஞ்சும்.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே சந்தை விலையைக் கண்டு திகைத்த குடும்பங்கள், கிணற்றடியில் நின்ற நான்கு தக்காளிச் செடியின் அருமையை நன்கு உணர்ந்தன. அத்தகைய செடி நெருக்கடி வந்தபின் விதைத்தால் உதவாது. மழை இரைச்சலுக்கிடையே, தாழ்வாரத்தில் அமர்ந்து, எந்தத் தறையில் எதனை எப்பொழுது நடுவது என்று ஒரு தாளிலே குறித்துவைப்பது சிறு வேலைதான். பங்குனி வெயிலிலே பழம் பறிக்கும் கை, அந்தச் சிறு வேலையின் பயனையே பறிக்கின்றது.