மருத்துவமனை நடையில் நடந்தது என்ன?
சுகார்த்தோவின் தன்வரலாற்றை வரலாற்று ஆவணமாக வாசித்தல்



1965 செப்டம்பர் 30, இரவு நேரம். ஜகார்த்தாவின் இராணுவ மருத்துவமனையில் ஒரு சின்னப் பையன் கிடக்கிறான். கொதிக்கும் சூப் கொட்டி உடல் வெந்துபோயிருக்கிறது. பக்கத்தில் இருப்பவர் அவனுடைய தகப்பனார், கோஸ்த்ராட் படைப்பிரிவின் தளபதி மேஜர் ஜெனரல் சுகார்த்தோ. அந்த நேரத்தில் கர்னல் லத்தீப் அங்கே வருகிறார். அடுத்த சில மணி நேரத்தில், பொழுது விடிவதற்குள், லத்தீப்பும் சேர்ந்திருந்த குழு ஆறு ஜெனரல்களையும் ஒரு லெப்டினன்டையும் கடத்திக் கொன்று லுபாங் புவாயாவில் ஒரு பாழுங்கிணற்றில் போடுகிறது. அந்த விடியலிலிருந்துதான் இந்தோனேசியாவில் சுகார்த்தோவின் முப்பத்திரண்டு ஆண்டு ஆட்சிக்கு வழி பிறந்தது.

லத்தீப் ஏன் வந்தார்? இதற்குச் சுகார்த்தோவே மூன்று பதில் சொல்லியிருக்கிறார். அறுபதுகளின் இறுதியில் ஆர்னால்ட் பிராக்மன் என்ற அமெரிக்கச் செய்தியாளரிடம், பிள்ளையின் உடல்நிலையை விசாரிக்க வந்தார் என்றார். 1970இல் ஜெர்மனியின் 'டெர் ஸ்பீகல்' இதழிடம், என்னைக் கொல்லத்தான் வந்தார், ஆள் நடமாட்டம் இருந்ததால் விட்டுவிட்டார் என்றார். 1989இல் வெளியான தன்வரலாற்றில் சந்திப்பே இல்லை. நடைபாதையில் லத்தீப் போவதைப் பார்த்தேன் என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இந்த மூன்றில் எது உண்மை என்று தீர்ப்பளிக்க நான் இங்கே வரவில்லை. ஆனால் பதில் ஏன் நகர்ந்துகொண்டே போனது என்று கேட்கலாம். நலம் விசாரிக்க வந்தவர் என்றால், உங்களை மட்டும் ஏன் கடத்தவில்லை என்று கேட்பார்கள். டச்சு அறிஞர் வெர்தைம் 1970இலேயே அதைக் கேட்டுவிட்டார். கொல்ல வந்தவர் என்றால், அவர் போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்ற கேள்வி எழும். சந்திக்கவே இல்லை, தூரத்தில் கண்டேன் என்றால் இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இது என் ஊகம். ஆனால் மூன்று பதிலையும் ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால் வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சுகார்த்தோவின் புத்தகத்துக்குப் பெயர் 'எண்ணம், சொல், செயல்' என்று தமிழில் சொல்லலாம். ஏறக்குறைய 600 பக்கம். இந்தோனேசிய மொழியில் இருந்தாலும், மலேசியப் பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வு வரை மலாய் படித்த எவரும் அகராதி அதிகம் புரட்டாமல் வாசித்துவிடலாம். தமிழ்நாட்டு வாசகருக்கு இல்லாத இந்த வசதியை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை. இது நமக்கு அந்நியமான கதையும் அல்ல. 1964இல் பொந்தியான் கடற்கரையிலும் லாபீசிலும் இந்தோனேசியத் துருப்புகள் இறங்கிய செய்தியை வானொலியில் கேட்டவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கலாம். மலேசியாவை நசுக்குவோம் என்று அன்றைய அதிபர் சுகார்னோ தொடங்கிய அந்த மோதலில், 1965 தொடக்கத்திலிருந்து துணைத் தளபதியாக இருந்தவர் இதே சுகார்த்தோ. 1966 ஆகஸ்ட் 11இல் அமைதி உடன்பாடு கையெழுத்தானது. 1967 ஆகஸ்டில் ஆசியான் பிறந்தபோது அவர் நமக்கு வேண்டியவராகிவிட்டார். இன்று ஜாலான் துன் ரசாக்கில் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் வரிசையில் நிற்கும் தொழிலாளர்களில் பாதிப்பேர் அவர் ஆட்சியில் பிறந்தவர்களாக இருப்பார்கள்.

புத்தகத்தைத் திறப்பதற்கு முன் அட்டையைப் பாருங்கள். எழுதியவர் பெயருக்குக் கீழே, 'சொல்லக் கேட்டு எழுதியவர்கள்' என்று இருவர் பெயர். ஒருவர் ஜி. டிவிபயானா. அதிபர் அலுவலகத்தில் இருந்தவர், அரசுத் திரைப்பட நிறுவனத்தின் தலைவர். 1965 நிகழ்வைப் பற்றி அரசின் கதையைச் சொல்லும் 1984ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் தயாரிப்பாளரும் அவர்தான். சுகார்த்தோ பதவியில் இருந்தவரை ஆண்டுதோறும் செப்டம்பர் 30இல் தொலைக்காட்சியில் போட்ட படம் அது. ஒரே கை படத்தையும் எடுத்து, தலைவரின் நினைவுகளையும் எழுதியிருக்கிறது. எனவே படத்துக்குப் புத்தகத்தையும், புத்தகத்துக்குப் படத்தையும் சாட்சியாகக் காட்ட முடியாது. இரண்டும் ஒரே சாட்சி. மற்றவர் ரமடான் கே.எச்., நல்ல கவிஞர், நாவலாசிரியர். சுகார்னோவின் மனைவி இங்கிட் கார்னாசியின் வாழ்க்கையைப் பரிவோடு எழுதியவர். பதிப்பகமோ மூத்த மகளின் நிறுவனம். அதிபர் ஒருவரின் நினைவு நூலில் 'நான்' என்று வருகிற இடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் பாருங்கள்.

இதனால் இந்தப் புத்தகத்தைத் தூக்கி எறிய வேண்டுமா என்றால், வேண்டாம். சர்வாதிகாரியின் நூலில் இரண்டு வகைப் பக்கங்கள் உண்டு. தன்னைத் தற்காத்துக்கொள்ளும் பக்கங்கள், பெருமை பேசும் பக்கங்கள். முதல்வகையை எல்லாரும் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறோம். வரலாற்றுக்காரனுக்கு அதிக லாபம் தருவது இரண்டாவது வகை. தான் பெருமை என்று நினைத்துச் சொல்லும் இடத்தில் மனிதன் எச்சரிக்கையாக இருப்பதில்லை.

பெருமை பேசும் பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. 1983இல் யோக்யகார்த்தாவில் தொடங்கி, ஜாவா முழுவதும் ரவுடிகள் என்று பேர்பெற்றவர்கள் திடீர் திடீரென்று செத்துக் கிடந்தார்கள். சாலையோரத்தில், ஆற்றில், மக்கள் பார்க்கும்படி பிணங்கள். பச்சை குத்தியவன் என்றாலே சந்தேகம் என்ற நிலை வந்தபோது, பச்சையைச் சூட்டுக்கோலால் பொசுக்கிக்கொண்டவர்களும் உண்டு. நாளிதழ்கள் இதற்கு 'பெத்ருஸ்' என்று பெயர் வைத்தன. 'மர்மத் துப்பாக்கிச்சூடு' என்பதன் சுருக்கம். ஆயுதப்படைத் தளபதி பென்னி மூர்டானி அப்போது சொன்ன விளக்கம், ரவுடிக் கும்பல்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்கின்றன என்பது. அரசுக்குச் சம்பந்தமில்லை.

ஆறே ஆண்டில் அதிபரின் புத்தகம் வருகிறது. அதில் அவர், இதில் மர்மம் ஒன்றுமில்லை என்கிறார். குற்றவாளிகள் மனிதத்தன்மையின் எல்லையைத் தாண்டிவிட்டார்கள், கடும் நடவடிக்கை தேவைப்பட்டது, எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள், சில பிணங்களை அப்படியே விட்டோம், அதிர்ச்சி வைத்தியம் அது, ஊர் அடங்கியது. சாரம் இதுதான், சொற்கள் என்னுடையவை. தன் தளபதி வெளியே சொன்னதைத் தானே பொய்யாக்குகிறோம் என்ற கூச்சம் அந்தப் பக்கங்களில் இல்லை. ஏன் கூச்சப்பட வேண்டும்? 1989இல் அவரைக் கேள்வி கேட்கக்கூடிய நீதிமன்றமோ நாடாளுமன்றமோ அந்த நாட்டில் இல்லை. வாக்குமூலம் என்று நாம் வாசிக்கும் பகுதியை அவர் ஆளுமைத் திறனுக்கு நற்சான்றாக எழுதினார். அந்தத் துணிச்சலே அந்த ஆட்சியைப் பற்றிய தகவல்.

ஆனால் பெருமைப் பேச்சையும் முழுதாக நம்பிவிடக் கூடாது. எதிர்த்தவர்களைச் சுட்டோம் என்கிறார். அக்காலத்துச் செய்திகளில் வரும் பிணங்கள் பலவற்றில் கை பின்னால் கட்டப்பட்டிருந்தது. கை கட்டிய மனிதன் எப்படி எதிர்த்தான்? ஒப்புக்கொள்ளும்போதே ஒரு சலுகை எடுத்துக்கொள்கிறது பேனா. கட்டளை மேலிருந்து வந்தது என்பதற்கு இந்தப் பக்கங்கள் நல்ல சான்று. கொலை எப்படி நடந்தது என்பதற்கு இவை சான்றே அல்ல. ஒரே பத்தியில் ஒரு வரியை நம்பி, அடுத்த வரியை மறுக்க வேண்டியிருக்கிறது. மாணவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். நூல் நம்பத்தக்கதா என்று ஒரே கேள்வி கேட்டு, ஒரே பதில் எதிர்பார்க்கிறார்கள்.

அந்நாட்டு மனித உரிமை ஆணையம் 2012இல் இக்கொலைகளைக் கடும் மனித உரிமை மீறல் என்றது. 2023 ஜனவரியில் அதிபர் ஜோக்கோ விடோடோ, நடந்ததற்கு வருந்துவதாக அறிவித்த பன்னிரண்டு நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. 1965 செப்டம்பர் 30 நிகழ்வுக்குப் பின் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டி நடத்திய 1965-66 படுகொலையும் அப்பட்டியலில் உண்டு. அதில் செத்தவர்கள் ஐந்து லட்சத்துக்குக் குறையாது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. 600 பக்க நூலில் அந்த ஐந்து லட்சம் பேருக்குக் கிடைத்த இடம் மிகச் சொற்பம். நூலில் எது இல்லை என்று கணக்கெடுப்பதும் வாசிப்பின் ஒரு பகுதி.

நினைவு நூலில் உண்மையை மறைக்கும் வித்தை சுகார்த்தோவுக்கு மட்டும் உரியதல்ல. தமிழிலும் மொழிபெயர்ப்பாகிக் கடைகளில் கிடைக்கும் இட்லரின் 'எனது போராட்டம்' நூலில், 1912 வசந்தத்தில் மியூனிக் வந்தேன் என்று இருக்கிறது. உண்மையில் வந்தது 1913 மே மாதம். ஆஸ்திரியாவின் கட்டாய இராணுவச் சேவைக்கு அவர் பதிவு செய்யாமல் நழுவிய காலம் அது. 2016இல் மியூனிக் ஆய்வு நிறுவனம் அந்நூலை 3,500க்கு மேற்பட்ட குறிப்புகளோடு பதிப்பித்தது. நம் கடைகளில் உள்ள பிரதிகளில் பெரும்பாலும் அப்படிப்பட்ட குறிப்புகள் இல்லை.

சுகார்னோவுக்கு வருவோம். அமெரிக்கரான சிண்டி ஆடம்ஸ் அவர் சொல்லக் கேட்டு ஆங்கிலத்தில் எழுதிய தன்வரலாறு 1965இல் வந்தது. மறு ஆண்டு இந்தோனேசிய மொழிபெயர்ப்பு வந்தது. அதில், விடுதலைப் போராட்டத் தோழர்களான ஹத்தாவையும் ஷாரிரையும் தாழ்த்திப் பேசும் இரண்டு பத்திகள் இருந்தன. மூலத்தில் அவை இல்லை. அதிகாரம் கைமாறிக்கொண்டிருந்த காலம், யாரோ சேர்த்திருக்கிறார்கள். சுகார்னோ தம் தோழர்களை இகழ்ந்தார் என்று ஒரு தலைமுறையே நம்பியது. 2007இல் வந்த புதிய மொழிபெயர்ப்பில்தான் அவை நீங்கின. சர்வாதிகாரி பொய் சொல்லுவான் என்று எச்சரிக்கையாக இருக்கிற வாசகன், அவன் சொல்லாததையும் அவன் தலையில் கட்டுவார்கள் என்பதை மறந்துவிடுகிறான்.

அதே நூலில் நமக்கு நெருக்கமான ஒரு பகுதி உண்டு. ஜப்பானியர் காலத்தில் 'ரோமுஷா' என்ற பெயரில் ஜாவா மக்களைக் கூலிகளாக அனுப்பியது நான்தான், சாகவே அனுப்பினேன் என்று சுகார்னோ ஒப்புக்கொள்கிறார். அப்படிப் போனவர்களில் ஒரு பகுதியினர் சயாம்–பர்மா ரயில்பாதைக்கும் போனார்கள். 415 கிலோமீட்டர் நீளம். 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து பிடித்துப்போன நம் ஆட்கள் காலராவிலும் மலேரியாவிலும் செத்து விழுந்த அதே பாதை. ஜாவாக்காரனுக்கு, நான்தான் அனுப்பினேன் என்று எழுதிவைக்கவாவது ஒரு தலைவன் இருந்தான். அதை உருக்கமாக, கொஞ்சம் நாடகத்தனமாகவே எழுதினான். அந்த உருக்கத்துக்குள்ளும், நாடு விடுதலை பெற வேறு வழியில்லை என்ற தற்காப்பு இருக்கிறது. நம் தோட்டத்து ஆட்களை அனுப்பியதற்கு எந்தக் கையும் அப்படி எழுதிவைக்கவில்லை. திரும்பி வந்தவர்கள் லயத்து வாசலில் சொன்ன கதைகளும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற நாவல்களும்தான் மிச்சம்.

நூலுக்குப் பிறகு அரசு என்ன செய்கிறது என்றும் பார்க்க வேண்டும். 1949 மார்ச் 1இல் யோக்யகார்த்தாவை டச்சுக்காரரிடமிருந்து ஆறு மணி நேரம் மீட்ட தாக்குதல், தன் திட்டம் என்கிறது சுகார்த்தோவின் நூல். யோசனை என்னுடையது என்று யோக்யகார்த்தாவின் சுல்தான் ஒன்பதாம் ஹமெங்குபுவோனோ தரப்பு 1982இலேயே பதிப்பித்திருந்தது. சுல்தான் 1988 அக்டோபரில் இறந்தார். அதிபரின் புத்தகம் மறு ஆண்டு வந்தது. 2022இல் அந்நாளைத் தேசிய நாளாக்கிய அதிபர் ஆணையில், சுகார்த்தோவின் பெயரையே விட்டுவிட்டார்கள். அதுவும் அநியாயம்தான், களத்தில் படையை நடத்தியவர் அவர். 2025 நவம்பர் 10இல் அவருக்குத் தேசிய வீரர் பட்டம். இப்படி எழுதி அழித்து எழுதுகிறவர்களின் நடுவில், 1989இல் அச்சாகி இனி மாற்ற முடியாமல் கிடக்கிற பிரதி ஒரு வகையில் நமக்கு உதவி.

லத்தீப்பை நான் மறக்கவில்லை. பத்தாண்டு தனிமைச் சிறைக்குப் பின் 1978இல் வழக்கு நடந்தபோது அவர் சொன்னது நான்காவது கதை: நடக்கப்போவதை முன்கூட்டியே சுகார்த்தோவிடம் சொல்லிவிட்டேன், சொல்லத்தான் மருத்துவமனைக்குப் போனேன். நம் அனுதாபம் அவர் பக்கம் சாயும். ஆனால் மரண தண்டனை தலைமேல் தொங்கும்போது பேசியவர் அவர். பழியைப் பங்குபோட அவருக்கும் காரணம் இருந்தது. ஆட்சியாளனின் புத்தகத்தைக் கேட்ட அதே கேள்வியைக் கைதியின் வாக்குமூலத்தையும் கேட்காவிட்டால், நாம் செய்வது கட்சி கட்டுவது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. லத்தீப் 1999இல் விடுதலையான பிறகும், சாகும்வரை அந்தக் கதையை மாற்றவில்லை.

கேள்வி நேரத்தில் யாராவது ஒருவர், சுகார்த்தோவின் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கலாமா என்று கேட்கக்கூடும். வாங்கலாம், பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் இன்னும் நல்லது. பிள்ளைப் பருவத்தில் தொடங்க வேண்டாம். கெமுசுக் கிராமத்து ஏழைப் பிள்ளை என்ற அந்தப் பகுதி அழகாக இருக்கும், இளக்கிவிடும். மருத்துவமனை வருகிற பக்கத்தையும் பிணங்கள் வருகிற பக்கத்தையும் முதலில் எடுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு, அவர் யார் யார் பெயரைச் சொல்கிறார், யாரைப் பெயரில்லாமல் விடுகிறார் என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.