மின்தொழிலும் நரம்பு நோயும்



நம் இளைஞர் பலர் வயர்மேன்களாகவும் வெல்டர்களாகவும் உழைக்கின்றனர். மின்சாரத்தோடு பழகுவோர்க்குப் பிற்காலத்தில் நரம்பு நோய் வருமோ என்னும் ஐயம் அவர்களுள் சிலர்க்கு உண்டு. அதனை இன்று ஆராய்வோம்.

ஏ.எல்.எஸ். என்னும் நோயில், தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. கை சோர்கிறது; நடை தளர்கிறது; பின்னர்ப் பேச்சும் மூச்சும் குன்றுகின்றன. முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை.

நெதர்லாந்து நாட்டில் 1986ஆம் ஆண்டு, 55 முதல் 69 வயது வரையுள்ள ஏறத்தாழ 1,20,000 பேரின் தொழில் விவரங்களை எழுதி வாங்கினர். பதினேழு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். மின்னோட்டத்தால் எழும் காந்தப்புலம் மிகுந்த வேலைகளைச் செய்த ஆடவரிடையே, இந்நோயால் இறந்தோர் விகிதம் ஏறத்தாழ இருமடங்கு என 2017ஆம் ஆண்டு அறிவித்தனர்.

இதைக் கேட்டு அஞ்சித் தொழிலைக் கைவிட வேண்டா. ஐரோப்பாவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் இருவர் மூவர்க்கே இந்நோய் தோன்றுகிறது. இருமடங்கானாலும் அது அரிய நோயே. காந்தப்புலமே காரணம் என்பதும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஆயினும், மெய்ப்பிக்கப்படாததைத் தீங்கற்றதென்று கொள்ளலாகாது. விலகி நிற்க நிற்கக் காந்தப்புலம் விரைந்து குறையும். ஆகவே வெல்டிங் கேபிளைத் தோளில் சுற்றிக்கொள்ளாதீர்கள்.

மின் அதிர்ச்சியோ, ஐயத்திற்கு இடமின்றி உயிரைப் பறிப்பது. லைன் கிளியரும் ரப்பர் கையுறையும் இன்றிக் கம்பத்தில் ஏறச் சொல்வோரிடம், ‘ஏற மாட்டோம்’ என்று சொல்லும் துணிவு நமக்கு வேண்டும்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்து உழைப்பாளியின் தொழில் ஏட்டில் இருந்தது. அதனாலேயே அவனது நோயும் கணக்கில் வந்தது. எந்தப் பதிவேட்டிலும் பெயரில்லாத ஒப்பந்தக் கூலியாளின் நோய் எந்தக் கணக்கில் சேரும்? எனவே எந்த ஆண்டு, எவ்விடத்தில், என்ன வேலை, எத்தனை மணி நேரம், எப்போது அதிர்ச்சி தாக்கியது என்பனவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கூலிச் சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். நாம் கற்ற எழுத்து இதற்கும் பயன்படட்டும்.

1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த அண்ணல் அம்பேத்கரின் பொறுப்பில் மின்சாரமும் இருந்தது. மின்சாரத்தையும் உழைப்பாளியின் நலத்தையும் ஒருசேர எண்ண வேண்டும் என்பதற்கு நமக்கு வேறு சான்று வேண்டுமோ? ஊருக்கு விளக்கேற்றுபவன் வீடு இருளலாகாது.