மறதி தலையெழுத்தா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் பேசியது)



வயது சென்ற மனைவிக்கு மறதி வந்துவிட்டால், புருஷன் அதை வெளியில் சொல்லமாட்டாமல் உள்ளுக்குள்ளேயே கவலைப்படுகிறான். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அதுதான். இது மேடையில் பேசுகிற சங்கதியா என்று சிலர் நினைக்கலாம். வீட்டில் வெட்கப்பட்டு மூடிவைக்கிற சங்கதிகளைத்தான் முக்கியமாக மேடையில் பேசவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

என் வீட்டில் நடந்ததையே சொல்லுகிறேன். என் தாயார் 68-ம் வயதில் ஒரே குழம்புக்கு இரண்டு தரம் உப்புப் போட ஆரம்பித்தார். பிறகு, 50 வருஷமாய் நடந்த தெருவிலேயே வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றார். என் தகப்பனார் ஒரு வருஷகாலம் இதை எங்களிடம் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னால் பைத்தியம் என்று பெயர் வைத்துவிடுவார்களே" என்றார். பிறகு சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒருவர் கிரகக் கோளாறு என்றார். ஒருவர் செய்வினை என்றார். மற்றொருவர் பூர்வஜென்ம பாவம் என்றார். மந்திரித்துக் கயிறு கட்டினவர் பணத்தை மறக்காமல் வாங்கிக்கொண்டு போனார். தாயாருக்கோ கயிறு கட்டினதே மறந்துபோயிற்று!

தோழர்களே! யோசித்துப் பாருங்கள். கண்ணில் புரை விழுந்தால் கண் வைத்தியரைத் தேடுகிறோம். மூளைக்கு நோவு வந்தால் மாத்திரம் ஜோசியனைத் தேடுவானேன்? மூளையும் கண்ணைப்போல் ஓர் அவயவந்தானே?

1901-ம் வருஷம் ஜெர்மனியில் பிராங்க்பர்ட் நகரத்து ஆஸ்பத்திரிக்கு அகஸ்தே என்ற 51 வயது அம்மாளை அவர் புருஷன் கொண்டுவந்து சேர்த்தார். அந்த அம்மாளுக்கு மறதி; அதோடு புருஷன்மேல் வீண் சந்தேகம். அல்ஸைமர் என்ற வைத்தியர் அவரைக் கேள்வி கேட்டு, வந்த பதில்களை எழுதிவைத்தார். 1906-ல் அம்மாள் இறந்தபின் மூளையைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தார். அங்கே பேயையும் காணவில்லை, பாவத்தையும் காணவில்லை. சுருங்கின மூளையையும், அதில் படிந்த படிவுகளையும், சிக்கிக்கொண்ட இழைகளையும்தான் கண்டார். 1910 முதல் அந்த வியாதிக்கு அவர் பெயரே வழங்குகிறது.

நிற்க, மறதியெல்லாம் இந்த வியாதி என்று பயப்பட வேண்டியதில்லை. சாவியை வைத்த இடம் மறப்பது வயதின் மறதி. சாவி எதற்கென்பதே மறப்பது வைத்தியரிடம் போகவேண்டிய மறதி. பி12 சத்துக் குறைவு, தைராய்டு சுரப்பி மந்தம், மனச்சோர்வு, சாப்பிடுகிற சில மாத்திரைகள் ஆகிய இவற்றாலும் மறதி வரும். இவைகளைக் கண்டுபிடித்தால் பெரும்பாலும் சரிப்படுத்தலாம். கயிறு கட்டிக் காத்திருக்கிற வீட்டில் சரிப்படக்கூடியதும் கெட்டுப்போகிறது.

அல்ஸைமர் வியாதியை அடியோடு போக்கும் மருந்து இன்னும் இல்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஓரளவு தணிக்கும் மருந்துகளே உண்டு. ஆனாலும் இரத்தக்கொதிப்பு, நீரிழிவு, காது மந்தம், புகை பிடித்தல் முதலியவைகளை நடுவயதிலேயே கவனித்தால் பலருக்கு மறதி நோய் வராமல் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று 2024-ல் லான்செட் அறிஞர் குழு எடுத்துக்காட்டியிருக்கிறது.

கடைசியாக ஆண்களுக்கு ஒரு வார்த்தை. புருஷனுக்கு மறதி வந்தால், மனைவி சோறூட்டிக் குளிப்பாட்டுவது அவள் கடமை என்கிறோம். மனைவிக்கு வந்தாலோ மகளைக் கூப்பிடுகிறோம், மருமகளைத் தேடுகிறோம். நமக்குக் கை இல்லையா? என் தகப்பனார் 75-ம் வயதில் சமைக்கக் கற்றார். தாயாருக்குத் தலைவாரிவிடக் கற்றார். தெருவில் சிரித்தார்கள். அவர் லட்சியம் செய்யவில்லை. இப்பொழுது தாயாருக்கு அவர் பெயர் தெரிவதில்லை. ஆனால் அவர் சீப்பை எடுத்தால், தாயார் தலையைக் குனிந்து கொடுக்கிறார்.

ஆகவே தோழர்களே! உங்கள் வீட்டில் இந்தக் கவலை இருந்தால் மூடிவைக்காதீர்கள். விதியென்று சும்மா இருக்காதீர்கள். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அடிக்காதீர்கள். நாளைக்கே வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். திரும்பி வந்ததும், அடுப்பங்கரைக்கு நீங்கள் போங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.