வகுப்பில் ஒரு நாற்காலி



நான் கயத்தாற்றுக்காரி. பள்ளிக்கூடத்து டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். 1799 அக்டோபர் 16ஆம் தேதி கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர் என்று சொன்னால்தான் பலருக்கு எங்கள் ஊர் பிடிபடும். சிவாஜி கணேசன் அங்கே சொந்தச் செலவில் இடம் வாங்கி அவருக்குச் சிலை வைத்தார். இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் காற்றாலைகள். கட்டபொம்மனைப் பற்றி நான் பேசப் போவதில்லை. சற்று முன் ஒரு பொடியன் இந்த மேடையில் முழங்கிவிட்டுப் போனான். அந்தக் குரல் எனக்கு வராது.

எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டி போகிற வழியில் இடைசெவல் என்றொரு கிராமம். சாகித்திய அகாதெமி விருது பெற்ற இரண்டு பேர் அங்கே பிறந்தார்கள். கு.அழகிரிசாமி 1950களில் மலேயா போய் 'தமிழ் நேசன்' பத்திரிகையில் வேலை பார்த்தார். அவருடைய சிநேகிதர் கி.ராஜநாராயணன் கரிசக்காட்டை விட்டு லேசில் நகரவில்லை. அறுபதைத் தாண்டிய பிறகுதான், 1980களின் கடைசியில், புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டது. பள்ளிப்படிப்பையே முடிக்காதவர். துணைவேந்தர் வேங்கடசுப்பிரமணியன் துணிந்து அவரைப் பேராசிரியர் ஆக்கினார். வேலை என்ன தெரியுமா? கதை சேகரிப்பது.

கூடவே அவர் மனைவி கணவதி அம்மாளும் கிளம்பினார். அதுவரை இருந்த காடுகரையையும் அக்கம்பக்கத்தையும் விட்டுவிட்டு, தெரியாத ஊரில் புதுக்குடித்தனம். புதுவை லாஸ்பேட்டையில் அந்த வீட்டுக்கு வராத எழுத்தாளர் குறைவு. வந்தவர்கள் கி.ரா.விடம் கதை கேட்டார்கள், இந்த அம்மா கையால் சாப்பிட்டார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு ஒரு விருதும் கிடையாது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. 2019இல் கணவதி அம்மாள் காலமானார். 2021 மே மாதம் கி.ரா. போனார். அரசு மரியாதையோடு இடைசெவலில் அடக்கம் செய்தார்கள். தொண்ணூறைத் தாண்டியும் எழுதிக்கொண்டிருந்த மனுஷர்.

ஊரை விட்டு வந்த அவரை யாரும் "சும்மா உட்காருங்க" என்று சொல்லவில்லை. வேலை கொடுத்தார்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். நானும் எங்கள் வீட்டுக்காரரும் இங்கே மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறோம். மகன் நல்லவன், மருமகள் அவனைவிட நல்லவள். குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலையில் எங்கள் வீட்டுக்காரர் போனில் தூத்துக்குடிச் செய்தி பார்ப்பார். விமான நிலையத்துக்குப் புதுக் கட்டடம், கார் ஃபாக்டரி, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம். அத்தனைக்கும் அபிப்பிராயம் வைத்திருக்கிறார், கேட்கத்தான் ஆளில்லை. பேரப்பிள்ளைகள் வந்ததும் வீட்டுப்பாடம், நீச்சல், தூக்கம். ஊர் சுற்றிக் காட்டுகிறார்கள். அருவி பார்த்தோம், மியூசியம் பார்த்தோம். எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை.

2023 டிசம்பரில் எங்கள் பக்கம் வந்த வெள்ளம் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. போன் வேலை செய்யவில்லை. பெற்றவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் இங்கே தவித்த பிள்ளைகள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். "ரெண்டு வார்த்தை பேசினா போதும்" என்றுதானே அன்றைக்கு நினைத்தீர்கள்? இப்போது அதே பெரியவர்கள் அடுத்த அறையில் இருக்கிறார்கள். பேசுங்களேன்.

இந்த விழாவை நடத்தும் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எங்களுக்கு ஒரு நாற்காலி போடுங்கள். சால்வை வேண்டாம். வாரத்துக்கு ஒரு தாத்தாவோ பாட்டியோ, அரை மணி நேரம். கரிசக்காட்டில் மழை பார்த்து விதைத்தது, கம்மங்கஞ்சி காய்ச்சினது, ஊரில் நடந்த சண்டை, எதை வேண்டுமானாலும் சொல்வோம். பிள்ளைகள் குறுக்கே கேள்வி கேட்கட்டும். பாதி தமிழில் கேட்டாலும் சரி. பெரிய வகுப்புப் பிள்ளைகள் அதைப் பதிவு செய்து வைக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமையே தொடங்கலாம். முதல் இரண்டு பெயர் எங்களுடையது. மற்ற பெரியவர்கள் வாசல் மேசையில் பெயர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.