மதிப்பெண் விளைச்சலும் உலகச் சந்தையும்



நாட்டில் கல்வி சரிந்துவிட்டது, இந்நிலை நீடித்தால் உலகப் பொருளாதாரப் போட்டியில் பாரதம் பின்தங்கிவிடும் என்னும் கவலை இன்று அவைதோறும் பேசப்படுகிறது. எழுத்தறிவும் உயர்கல்வியும் முன் எக்காலத்திலும் இல்லாத அளவு பெருகியிருக்கையில் சரிவு எங்கே என்று மறுத்துக் கேட்போரும் உண்டு. இவ்வழக்கை ஆராய்வதற்குச் சேலம், நாமக்கல் சமவெளி மிகப் பொருத்தமான இடமாகும். தேர்வில் மதிப்பெண் குவிக்கும் திறத்திலும், கல்லூரி வாயிலை மிதியாதவர்களும் தொலைதூரச் சந்தைகளுக்குப் பொருள் செய்து அனுப்பும் திறத்திலும் ஒருசேரப் பெயர் பெற்ற மண் இது.

முதலில் சரிவு என்னும் சொல்லை எடைபோட வேண்டும். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு ஏறத்தாழ 18 விழுக்காடு. 2011இல் அது ஏறத்தாழ 74 விழுக்காடாக உயர்ந்தது. 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கின்படி, கல்லூரிப் பருவத்தினரில் உயர்கல்வி சேர்ந்தோர் விகிதம் நாட்டளவில் 28ஐ ஒட்டியும் தமிழ்நாட்டில் 47 ஆகவும் இருந்தது. அக்காலப் பள்ளிகளின் தரத்தைப் புகழ்வோர், நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் எழுதப் படிக்கத் தெரிந்த நாட்டின் சிறந்த மாணவரை, எல்லாப் பிள்ளைகளும் பள்ளிக்கு வரும் நாட்டின் சராசரி மாணவரோடு ஒப்பிடுகின்றனர். அந்த ஒப்பீடு நேர்மையானதன்று. காட்டிலும் கழனியிலும் நின்ற பிள்ளை பள்ளிக்கு வந்ததைச் சரிவு என்று அழைப்பது அறமுமன்று.

ஆயினும் மறுதரப்பாரின் சான்றும் புறந்தள்ளத் தக்கதன்று. பதினைந்து வயது மாணவரின் வாசிப்பு, கணிதம், அறிவியல் திறன்களை நாடுகளிடையே ஒப்பிடும் பீசா தேர்வின் 2009ஆம் ஆண்டுச் சுற்றில், அதன் நீட்சியாக, தமிழ்நாடும் இமாசலப் பிரதேசமும் பங்கேற்றன. 2011 டிசம்பரில் முடிவுகள் வந்தபோது, எழுபதுக்கும் மேற்பட்ட நாடுகள், பகுதிகளின் வரிசையில் இவ்விரு மாநிலங்களும் ஏறத்தாழக் கடைசியில் நின்றன. தமிழ்நாட்டு மாணவருள் வாசிப்பில் அடிப்படை நிலையை எட்டியோர் 17 விழுக்காடு, கணிதத்தில் 15 விழுக்காடு. அதே காலத்தில் இம்மாநிலத்தின் பத்தாம் வகுப்புத் தேர்விலோ ஐந்தில் நால்வருக்கு மேல் தேறிவந்தனர். ஒரே பிள்ளை, ஒரே வயது. ஒரு தேர்வில் வெற்றி, மற்றொன்றில் வீழ்ச்சி. வினாக்கள் நம் நாட்டுச் சூழலுக்குப் பொருந்தவில்லை என்று காரணம் கூறப்பட்டது. பின்னர் 2012, 2015, 2018 சுற்றுகளில் இந்தியா பங்கேற்கவில்லை. காய்ச்சலைக் காட்டிய கருவியை எடுத்து வைத்துவிட்டால் காய்ச்சல் நீங்கிவிடாது.

இத்தகைய அச்சம் இந்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. 1957இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியபோது அமெரிக்கா தன் பள்ளிகளை நொந்துகொண்டது. 1983இல், நாடே ஆபத்தில் இருப்பதாக அங்கு ஓர் அரசு ஆணையம் அறிக்கை விடுத்தது. ஜப்பானியக் காரும் ஜெர்மானிய எந்திரமும் சந்தையைக் கைப்பற்றியதற்குப் பள்ளிக்கூடமே காரணம் என்னும் தொனி அதில் ஒலித்தது. அதன்பின்பும் அமெரிக்கப் பொருளாதாரம் வளர்ந்தே வந்தது. ஆகவே தேர்வுப் பட்டியலில் ஓரிடம் இறங்கினால் வாணிகத்திலும் ஓரிடம் இறங்கும் என்னும் நேர்க்கணக்கு இல்லை. பள்ளி எத்தகைய அறிவை வளர்க்கிறது என்பதே உசாவத்தக்கது.

அவ்வினாவிற்கு நாமக்கல்லின் அனுபவம் தெளிவான விடை தருகிறது. தொழிற்கல்விக்கான நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டபின், மருத்துவக் கல்லூரிக்கும் பொறியியல் கல்லூரிக்கும் பிளஸ் டூ மதிப்பெண் ஒன்றே வாயிலாயிற்று. கிராமத்துப் பிள்ளைக்கு நகரப் பயிற்சி நிலையம் எட்டாது என்னும் நல்ல எண்ணத்தால் பிறந்த மாற்றம் அது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து உறைவிடப் பள்ளிகள் அவ்வாயிலின் சாவியைக் கைக்கொண்டன. தமிழகமெங்குமிருந்து பெற்றோர் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் பிள்ளைகளை அங்கே சேர்த்தனர். பல பள்ளிகளில் பதினொன்றாம் வகுப்புப் பாடம் ஒதுக்கப்பட்டு, பிளஸ் டூ பாடமே ஈராண்டும் திரும்பத் திரும்ப நடத்தப்பட்டது. கோழிப் பண்ணைகளுக்குப் பெயர்போன மாவட்டம் ஆதலின், மக்கள் அவற்றைப் பிராய்லர் பள்ளிகள் என்றனர். அச்சொல்லில் பகடியும் இருந்தது, இடம் கிடைக்காதோரின் ஏக்கமும் இருந்தது.

2017இல் நீட் தேர்வு வந்தது. வாயில் இடம் மாறியது. பிளஸ் டூ வினாத்தாளுக்கென்றே பழக்கப்பட்ட பிள்ளைகள் பலர் புதிய வினாத்தாளின் முன் தடுமாறினர். அவ்வாண்டே அரசு பொதுத்தேர்வுகளில் மாநிலத் தரவரிசை வெளியிடுவதை நிறுத்தியது. 2017-18 முதல் பதினொன்றாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு வைத்தது. 2025இல் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி அத்தேர்வு மீண்டும் விலக்கப்பட்டது. பயிற்சிச் சாலைகளோ நீட் வகுப்புகளைத் தொடங்கித் தம் வழியே சென்றன. தேர்வை மாற்றுவதால் பயிற்சி மாறுமேயன்றிக் கல்வி மாறாது என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

இனி இச்சமவெளியின் தொழிற்பக்கத்தைக் காணலாம். இரண்டாம் உலகப் போரால் மலேயாப் பகுதியிலிருந்து சவ்வரிசி வரத்து நின்றபோது, 1943இல் சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கில் மாவுத் தொழில் அறிந்துவந்த போபட்லால் ஷாவும் குச்சிக்கிழங்கிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழிலை இங்கே தொடங்கினர். ஒருவரிடம் சந்தை பற்றிய அறிவு இருந்தது, மற்றவரிடம் தொழில்நுட்பம் இருந்தது. கையால் செய்து பார்த்து, பிழை கண்டு, திருத்திக் கற்றனர். 1981இல் சேகோசர்வ் கூட்டுறவு அமைப்பு உருவாகும் அளவிற்குத் தொழில் பெருகியது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நாடெங்கும் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுவதும், நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகள் தழைத்ததும், நாமக்கல் முட்டை வளைகுடா நாடுகளுக்குக் கப்பலேறுவதும் இவ்வாறு கற்ற கற்பின் பயனே.

ஆனால் அங்கும் ஓர் எல்லை தென்படுகிறது. ஓர் ஏக்கரில் விளையும் மரவள்ளிக் கிழங்கின் அளவில் தமிழ்நாடு தாய்லாந்தை விஞ்சுகிறது. எனினும் மரவள்ளி மாவின் உலக ஏற்றுமதியில் முதலிடம் தாய்லாந்திற்கே. கிழங்கை வெறும் மாவாக விற்பதோடு நில்லாமல், காகித ஆலைக்கும் துணி ஆலைக்கும் உணவுத் தொழிற்சாலைக்கும் ஏற்ற மாற்றுருவ மாவுகளாக ஆக்கி, ஒரே தரத்தில் ஆண்டு முழுதும் அனுப்ப வல்ல வேதியியல் அறிவும் ஆய்வுக்கூடமும் அங்குத் தொழிலோடு இணைந்துள்ளன. முட்டைக்கும் இதே நிலைதான். அயல்நாட்டார் எடையும் மருந்தெச்சமும் நோய்ச் சான்றும் கேட்கின்றனர். இனி வரும் போட்டியில் பட்டறிவு மட்டும் போதாது; அளந்து, ஆராய்ந்து, எழுதி மெய்ப்பிக்கும் கல்வி வேண்டும். ஏத்தாப்பூரில் மரவள்ளி ஆராய்ச்சி நிலையமும், நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளன. அவற்றிற்கும் பட்டறைக்கும் இடையிலான பாதையில் நடக்க வேண்டிய பிள்ளைகளோ உறைவிடப் பள்ளி அறையில் வினா விடைகளை ஒப்பித்துக்கொண்டிருக்கின்றனர். இம்மண்ணின் இரு திறன்களும் ஒன்றையொன்று காணாமல் வாழ்வதே இங்குள்ள மெய்யான சரிவு.

கொங்கு நாட்டுச் சீனாபுரத்தவர் என்று போற்றப்படும் சமண முனிவர் பவணந்தியார், நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகைப்படுத்தினார். பாலையும் நீரையும் பிரித்துணரும் அன்னமும், மேய்ந்ததைப் பின்னர் அசைபோடும் பசுவும் தலையாய மாணாக்கருக்கு உவமைகள். உழவன் முயற்சியளவே விளையும் மண்ணும், சொன்னதையே சொல்லும் கிளியும் இடைப்பட்டோருக்கு உவமைகள். மதிப்பெண் விளைச்சல் முறை இகழத்தக்கதன்று என்பதும், அது இடைநிலையைத் தாண்டாது என்பதும் இவ்வொரு வகைப்பாட்டிலேயே அடங்கிவிடுகின்றன. ஆசிரியர் உழைத்தார், மண் விளைந்தது. பாடம் சொன்னார், கிளி திருப்பிச் சொன்னது. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இரண்டாம் வரிசையில் வைக்கப்பட்டதை இன்றைய சமூகம் முதல் வரிசையில் அமர்த்தி மாலை சூட்டுகிறது.

கல்விக் கொள்கை வகுப்பது அரசின் கடன். கொடையின் திசையைத் தீர்மானிப்பது அறக்கட்டளைகளின் கையில் உள்ளது. பள்ளி என்னும் சொல்லையே தமிழுக்குச் சமண முனிவர் உறைவிடங்கள் வழங்கின என்பர் அறிஞர். அம்மரபிற்கு உரியோர் மதிப்பெண்ணுக்கு மட்டும் பரிசளிப்பதைச் சற்றே மாற்றிக்கொள்ளலாம். மூன்றாம் வகுப்புக்குள் தமிழில் பொருளுணர்ந்து வாசிக்க இயலாத பிள்ளைகளுக்கு மாலை நேர வாசிப்பு ஆசிரியர் ஒருவரை அமர்த்துவது, பல தங்கப் பதக்கங்களைவிடப் பயன் தரும். அரசுப் பள்ளியின் பூட்டிக் கிடக்கும் ஆய்வுக்கூடத்திற்குக் கருவிகள் வாங்கித் தரலாம். ஐ.டி.ஐ. மாணவர்க்கும் கல்லூரி மாணவர்க்கு நிகரான உதவித்தொகை அளிக்கலாம். விடுமுறையில் மாணவரைச் சேகோ ஆலைக்கும் முட்டை ஆய்வுக்கூடத்திற்கும் அழைத்துச் சென்று, கண்டதை அவர்தம் சொல்லில் எழுதச் செய்யலாம்.

அடுத்த கல்வியாண்டில் உதவித்தொகை நேர்காணல் நடக்கும்போது, மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வினா கேட்கப்படட்டும்: உன் தந்தையோ தாயோ செய்யும் தொழிலில் நீ கண்ட ஒரு குறை என்ன, அதைத் தீர்க்க எதைக் கற்க வேண்டும் என எண்ணுகிறாய்? விடை பிழையாக இருப்பினும் குற்றமில்லை. அப்பிள்ளை தானே சிந்தித்துச் சொன்னதாக இருந்தால், முதல் உதவித்தொகை அதற்கே உரியது.