ஒலிபெருக்கி வராத மேடை

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



பள்ளி ஆசிரியர் ஒருவரின் நினைவாக அமைந்த அறக்கட்டளை இது. தொண்டையை மூலதனமாக வைத்துக் குடும்பத்தைக் கரையேற்றியவர் ஐயா அவர்கள். அவர் பெயரால் பேசும் வாய்ப்புக் கிடைத்தபோது மனிதக் குரலைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தேன். நாடகக்காரரும் பாடகரும் பேச்சாளரும் குரலை எப்படி ஆண்டார்கள், ஒலிபெருக்கி வந்தபின் என்ன மாறியது என்பதைச் சொல்லிவிட்டு, கடைசியில் ஆசிரியரிடம் வருகிறேன்.

1. குரல் பிறக்கும் விதம்

எழுத்தொலிகள் எப்படிப் பிறக்கின்றன என்று சொல்ல வந்த தொல்காப்பியர், பிறப்பியலில் முதலில் காற்றைத்தான் எடுத்துக்கொள்கிறார். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் மூன்று இடங்களில் நிலைகொள்கிறது. பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய ஐந்தும் சேர, எட்டு நிலைகளில் ஒலிகள் உருவாகின்றன என்கிறார். ஒலியின் ஊற்று ஓரிடம், அதற்கு வடிவம் தரும் இடங்கள் வேறு என்ற இந்தப் பகுப்பு இன்றைய ஒலியியலுக்கும் அந்நியமானது இல்லை.

பேசும்போது தொண்டைக்குள் நடப்பதைக் கண்ணால் பார்க்க வழிகாட்டியவர் ஒரு சங்கீத வாத்தியார். மானுவேல் கார்சியா என்ற அந்த இசை ஆசிரியர் 1854-இல் இரண்டு கண்ணாடிகளையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்வளையைத் தாமே பார்த்தார். மறு ஆண்டு லண்டன் ராயல் சொசைட்டியில் அதை அறிக்கையாக அளித்தார். தொண்டை மருத்துவர்கள் பின்னர் கைக்கொண்ட முறைக்கு வித்திட்டது ஒரு பாடகரின் ஆர்வம்.

பேசும்போது ஆணின் குரல் நாண்கள் விநாடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 முறை அதிர்கின்றன. பெண்ணுடையவை 200 முறை அளவில். அந்த அதிர்வு தனியாகக் கேட்டால் வெறும் ரீங்காரம்தான். தொண்டையும் வாயும் மூக்கும் அதைச் செதுக்கிய பிறகே அது அ ஆகிறது, இ ஆகிறது.

பாட்டுக்கும் பேச்சுக்கும் பிணக்கு வருவதும் இங்கேதான். சுருதி மிக உயரும்போது உயிரொலிகளின் வேறுபாடு மங்கிவிடுகிறது. தார ஸ்தாயியில் இகரத்தையோ உகரத்தையோ தெளிவாக நிறுத்துவது எவ்வளவு கடினம் என்று பாடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வாய் தானாகவே ஆகாரத்தை நோக்கித் திறக்கும். சுரம் நிற்கும், சொல் நழுவும். இரண்டையும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் நம் நாடக மேடைக்கு இருந்தது.

2. கடைசி வரிசை வரைக்கும்

நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார். அதுபோன்ற பாலர் நாடக சபைகளில் சேர்ந்த சிறுவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர் ‘வாத்தியார்’. பாட்டும் வசனமும் அவரிடம் கற்கவேண்டியவை. கொட்டகையின் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கதை விளங்கவேண்டும். விடிய விடிய நடக்கும் நாடகம். தொண்டை தாங்கவும் வேண்டும்.

அந்தச் சிறுவர்கள் பயந்த ஒரே விஷயம் மகரக்கட்டு. பருவம் வரும்போது குரல் உடையும். ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். நேற்றுவரை கதாநாயகியாகப் பாடிய பையனுக்கு மறுநாள் வேஷம் இருக்காது. மகரக்கட்டைத் தாண்டியும் குரல் கைவிட்டுப் போகாதவர்களே பெரிய நடிகர்களாக நிலைத்தார்கள்.

அந்த மேடையின் உச்சம் எஸ்.ஜி. கிட்டப்பா. 1906-இல் பிறந்து 1933-இல், இருபத்தேழே வயதில் மறைந்தவர். இன்று கச்சேரி மேடையில் பெரும்பாலான ஆண் பாடகர்கள் ஒரு கட்டைச் சுருதியை ஒட்டிப் பாடுகிறார்கள். அவர்களின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் விநாடிக்கு 131 அதிர்வு. நாடக மேடையில் நான்கு, ஐந்து கட்டை என்பது வழக்கமாக இருந்தது. ஐந்து கட்டையில் ஸட்ஜமே 196 அதிர்வு, மேல் ஸட்ஜம் 392. கிட்டப்பாவின் இசைத்தட்டுகளைக் கேட்டால் அந்த உயரத்தில் அவர் குரல் எவ்வளவு இயல்பாகச் சஞ்சரிக்கிறது என்பது புரியும். அவருக்கு ஈடுகொடுத்த கே.பி. சுந்தராம்பாள் 1935-இல் வெளிவந்த படத்தில் நந்தனாராகவே நடித்தார். குரலின் வீரியம் இருந்தால் ஆண் வேஷம், பெண் வேஷம் என்ற கோடுகூட அழிந்துவிடும்.

ஏன் அவ்வளவு உயரம்? ஓங்கிப் பாடும்போது சுருதிக்கு மேலான அதிர்வுகளும் குரலில் வலுக்கின்றன. நம் செவி 2,000 முதல் 5,000 அதிர்வு வரையிலான ஒலிகளைத்தான் மிகக் கூர்மையாக வாங்கிக்கொள்கிறது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் யோகான் சுண்ட்பெர்க், ஐரோப்பிய ஆபரா பாடகர்களின் குரலில் 3,000 அதிர்வை ஒட்டி வலிமை குவிகிறது, அதனால்தான் பெரிய வாத்தியக் குழுவையும் மீறி அது கேட்கிறது என்று விளக்கினார். நம் வாத்தியார்கள் அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. எட்டுகிற குரல் எது, எட்டாத குரல் எது என்பது அவர்கள் காதுக்குத் தெரிந்திருந்தது.

3. காதருகே வந்த குரல்

1931-இல் ‘காளிதாஸ்’ பேசும் படமாக வந்தது. 1938 ஜூன் 16-இல் சென்னை வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கியது. அதே காலத்தில் கச்சேரி மேடைக்கும் பொதுக்கூட்டத்துக்கும் ஒலிபெருக்கி வந்து சேர்ந்தது. சுருதி மெல்ல இறங்கியது. எட்டவேண்டும் என்ற கவலை நீங்கியதும், நுணுக்கத்துக்கு இடம் கிடைத்தது. மதுரை மணி ஐயரின் சுருதி சுத்தமான, அலட்டாத பாட்டு இந்தப் புதுச் சூழலில் பெரும் கூட்டத்தையும் சென்றடைந்தது. அறிஞர் அண்ணாவின் குரல் சற்றே கரகரத்த குரல். கொட்டகைக் காலமாக இருந்திருந்தால் மைதானத்தின் பாதியைக்கூட அது தொட்டிருக்காது. ஒலிபெருக்கியின் முன்னே அந்தக் கரகரப்பே அவருடைய அடையாளமாயிற்று.

ஆகையால் பழையதே பொன் என்று புலம்ப நான் வரவில்லை. ஒலிபெருக்கி குரலை ஜனநாயகப்படுத்தியது. பெருங்குரல் படைத்தவருக்கே மேடை என்ற நிலையை ஒழித்தது. ஆனால் அது ஒன்றைக் கொண்டுபோய்விட்டது. மூச்சைப் பிடித்து, அடிவயிற்றிலிருந்து எழுப்பி, தொண்டை நோகாமல் தொலைவுக்கு அனுப்பும் பயிற்சி தேவையற்றது ஆயிற்று. குரல் பிறவிச் சொத்து, வாய்த்தவருக்கு வாய்க்கும் என்ற எண்ணம் வலுத்தது. செம்மங்குடி சீனிவாச ஐயருக்கு இயற்கை இனிய சாரீரத்தைத் தந்துவிடவில்லை. அசுர சாதகத்தால் அதைப் பணிய வைத்து நெடுங்காலம் கோலோச்சினார். குரல் பழக்கத்தில் விளைவது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

4. வகுப்பறை

சினிமாவில், கச்சேரியில், அரசியலில், ஆலயத்தில், கல்யாண வீட்டில்கூட ஒலிபெருக்கி இருக்கிறது. பெரும்பாலும் அது இல்லாமல் நடக்கும் மேடை வகுப்பறைதான். நாற்பது பிள்ளைகள், மேலே மின்விசிறி, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, வெளியே பேருந்து. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான் என்று எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எடுத்துக்காட்டினார். ஆசிரியருக்கு இது நாள்தோறும் நடக்கிறது. குரல் கோளாறு அதிகம் வரும் தொழில்களில் ஆசிரியத் தொழில் முன்வரிசையில் இருப்பது உலகெங்கும் அறியப்பட்ட உண்மை. கிட்டப்பாவுக்கு வாத்தியார் இருந்தார். நம் வாத்தியாருக்கு யார் இருக்கிறார்கள்?

தண்ணீர் அடிக்கடி குடிப்பது, தொண்டையை ஓயாமல் கனைக்காமல் இருப்பது, கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் பிள்ளைகள் பக்கம் திரும்பிப் பேசுவது, கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் தொண்டை மருத்துவரைப் பார்ப்பது: இவை பணம் கேட்காத காரியங்கள். இவற்றையும் மூச்சுப் பயிற்சியையும் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களும் கல்வியியல் கல்லூரிகளும் பாடத்தில் முறையாகச் சேர்க்கவேண்டும். நாடகக் கலைஞர்களையும் இசை ஆசிரியர்களையும் அழைத்து அதைச் சொல்லிக் கொடுக்கச் செய்யவேண்டும். கொட்டகை வளர்த்த வித்தை இன்னும் அவர்களிடம் மிச்சம் இருக்கிறது.

அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் இந்தச் சொற்பொழிவோடு, இளம் ஆசிரியர்களுக்கு ஒருநாள் குரல் பயிற்சி முகாமையும் நடத்துங்கள். ஐயாவின் பெயருக்கு அதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் எனக்குத் தோன்றவில்லை.