பீரோ மேல் இருந்த பார்சல்

(பாலவனத்தத்தில் நடைபெற்ற குறுவளமையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மாணவரிடம் நேர்மைப் பண்பை வளர்ப்பது பற்றிப் பதினைந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பேசலாம். ஆனால் அதற்கு முன் என் நேர்மையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் பேசினால் எனக்கே நாக்கு கூசும்.

போன ஆண்டு அரையாண்டுத் தேர்வுக்குச் சற்று முன், மதிய உணவு நேரத்தில், கூரியர் பையன் ஒருவன் எங்கள் பள்ளிக்கு வந்தான். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன். கையில் சிறிய அட்டைப்பெட்டி. எங்கள் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியை ஒருவரின் பெயரைச் சொல்லி, "டீச்சருக்கு வந்திருக்கு சார், போன் போகல" என்றான். ஆசிரியை அன்று பயிற்சிக்குப் போயிருந்தார். நான் வாங்கி வைத்தேன். மூன்று நாள் கழித்து வந்தவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரு சரி, இனிஷியல் என்னோடது இல்லை, போன் நம்பரும் என்னோடது இல்லை சார்" என்று என்னிடமே கொடுத்துவிட்டார்.

அதை எடுத்து பீரோ மேல் வைத்தேன். இந்த உரையில் நான் சொல்ல வேண்டிய குற்றம் இவ்வளவுதான். பிரிக்கவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. "உரியவங்க தேடி வருவாங்க" என்று நினைத்துக்கொண்டு வைத்தேன். பக்கத்தில் பழைய உலக உருண்டை ஒன்றும், கால் உடைந்த மைக் ஸ்டாண்டும் இருந்தன. அவற்றோடு அதுவும் ஒரு பொருளாகிவிட்டது.

முகவரியைக் கொஞ்சம் நிதானமாகப் படித்திருந்தால் போதும். பெயர், பிறகு "பள்ளிக்கூடத் தெரு, ஸ்கூல் அருகில்", பிறகு "பாலவனத்தம்", பிறகு ஆறு எண். ஊர்ப்பெயரைக் காணோம். பாலவனத்தம் என்று இருந்தது அஞ்சலகத்தின் பெயர்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், நம் வகுப்பறைக்கு உதவும். பின்கோடு இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பகுதி. முதல் மூன்றும் சேர்ந்து 626 என்றால் நம் பக்கம். கடைசி மூன்றும் கடிதம் எந்த அஞ்சலகத்துக்குப் போக வேண்டும் என்பதைச் சொல்கின்றன. எந்த ஊருக்கு என்று சொல்வதில்லை. நம் கரிசல் காட்டில் ஒரு அஞ்சலகத்தின் கீழ் பல ஊர்கள். அதனால்தான் நம் பெரியவர்கள் "இன்ன ஊர், இன்ன அஞ்சல், இன்ன வழி, இன்ன வட்டம்" என்று படிப்படியாக எழுதினார்கள். கடைகளின் செயலியில் அவ்வளவுக்கும் கட்டம் இல்லை. 'சிட்டி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் வெளியூரில் இருக்கும் மகன் அஞ்சலகத்தின் பெயரைப் போடுகிறான். ஊர் விழுந்துவிடுகிறது. பள்ளிக்கூடத் தெரு இல்லாத ஊர் இந்த வட்டாரத்தில் உண்டா?

பாலவனத்தம் என்றதும் நமக்கு பாண்டித்துரைத் தேவர் நினைவுக்கு வருவார். இந்த ஜமீனைச் சேர்ந்தவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் வைத்தார் என்று வகுப்பில் பெருமையாகச் சொல்கிறோம். கூரியர் பையனுக்கு அந்தப் பெருமையால் ஆவது ஒன்றுமில்லை. அவனுக்கு வேண்டியது தெருவும் ஊரும்தான்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அப்போது இரண்டாவது தவற்றைச் செய்தேன், நல்லெண்ணத்தோடு. பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைப் போட்டோ எடுத்து, வட்டார வாட்ஸ்அப் குழு ஒன்றில், "இது யாருடையது? தெரிந்தவர்கள் தெரிவிக்கவும், அதிகம் பகிரவும்" என்று போட்டேன். கைகூப்பும் படங்கள் நிறைய வந்தன. ஒருவரும் பெட்டிக்காக வரவில்லை.

பதினோராவது நாள் அந்தப் பையன் வந்தான். உள்ளே வராமல் கேட்டருகே நின்றான். "சார், அன்னிக்கு ஒரு பார்சல் குடுத்தேன்ல, அது டீச்சர் வாங்கிட்டாங்களா?" என்று கேட்டான். அவர்கள் கணினியில் அந்தப் பெட்டி 'ஒப்படைக்கப்பட்டது' என்று ஏறியிருக்கிறது. வாங்க வேண்டியவர் வரவில்லை என்கிறார். அப்படியானால் நடுவில் எடுத்தது யார்? எண்ணூறு ரூபாயை அவன் சம்பளத்தில் பிடித்துவிட்டார்கள். அன்று அவன் போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய்க் கேட்டு, கடைசியாக எங்களிடம் வந்திருக்கிறான். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்பதற்கு அவனுக்குச் சங்கடமாக இருந்ததாம். "சார்மாரு எடுத்திருக்க மாட்டாங்கன்னு தெரியும் சார்" என்றான்.

பீரோ மேலிருந்து எடுத்துத் தூசியைத் தட்டினேன். அவனையும் என் வண்டியில் ஏற்றிக்கொண்டு, சீட்டில் இருந்த எண்ணுக்கு மறுபடி மறுபடி போன் போட்டோம். எடுத்தவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் மகன். எடுத்ததும் திட்டினார். "ஏற்கனவே ரெண்டு பேர் கூப்பிட்டாச்சு, அஞ்சு ரூபா கட்டினா பார்சல் வரும்னு லிங்க் அனுப்புறீங்க, நீங்க எத்தனாவது ஆளு?" என்றார். நான் வாத்தியார் என்று அவரை நம்பவைக்க ஐந்து நிமிடம் ஆனது. அவருடைய எண்ணை நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் குழுவில் போட்டவன் நான்தான் என்பதை அன்று அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு வரவில்லை. அந்த அழைப்புகளுக்கு என் படம்தான் காரணமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது.

ஊர் நான்கைந்து கிலோமீட்டர்தான். தாயார் திண்ணையில் இருந்தார். பெட்டியை எங்கள் முன்னாலேயே பிரித்தார். சர்க்கரை பார்க்கும் கருவிக்கான பட்டைகள். "போட்டுட்டேன் போட்டுட்டேன்னு மகன் சொல்லுதான், வரலை வரலைன்னு நான் சொல்லுதேன். போன வாரம் பூரா எங்களுக்குள்ள இதே பேச்சுதான்யா" என்றார். பிறகு பையனைப் பார்த்து, "உன்னையத்தான் தப்பா நெனச்சுட்டோம் ராசா" என்றார். என்னை அவர் ஒன்றும் சொல்லவில்லை. மோர் கொடுத்தார்.

நண்பர்களே, நான் இதிலிருந்து யோசித்தது இதுதான். நேர்மை என்றால் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது கண்டெடுத்த பணப்பையின் கதை. நம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலேயே உண்மைச் சம்பவம் ஒன்று இருக்கிறது. 2018இல் ஈரோட்டில் ஒரு சிறுவன் சாலையில் கிடந்த 50,000 ரூபாயை எடுத்து ஒப்படைத்தது. அருமையான பாடம். ஆனால் நம் பிள்ளைகள் வாழ்நாளில் ஐம்பதாயிரத்தைக் கண்டெடுக்கப் போவது எத்தனை பேர்? அடுத்தவர் பெயர் போட்ட கவர், தவறாக ஏறிய ஜிபே பணம், பக்கத்து வீட்டுக்கு வந்த ஏடிஎம் கார்டு, இவை எல்லோர் கைக்கும் வரும். அந்த இடத்தில் பெரும்பாலானோர் திருடுவதில்லை. என்னைப் போல பீரோ மேல் வைக்கிறார்கள்.

சட்டம் இந்த 'வைத்தலை' ரொம்பக் காலமாகவே கவனித்து வந்திருக்கிறது. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சலகச் சட்டத்தில் 68ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. இன்னொருவருக்குச் சேர வேண்டிய அஞ்சல் பொருளை ஒளித்தால் மட்டுமல்ல, வேண்டுமென்றே வைத்துக்கொண்டாலும் இரண்டாண்டு வரை சிறை. 2023இல் வந்த புதிய அஞ்சலகச் சட்டம் 2024 ஜூனில் நடைமுறையானபோது பழைய சட்டம் போய்விட்டது. அதற்காக நிம்மதியாக இருக்க முடியாது. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 72ஆம் பிரிவு இன்றும் இருக்கிறது. தவறுதலாக உன்னிடம் கொடுக்கப்பட்ட பணத்தையோ பொருளையோ நீ திருப்பித் தரவேண்டும். தபால், கூரியர் என்ற வேறுபாடு அதில் இல்லை. அதை எடுத்து உபயோகித்தால் குற்றவியல் சட்டமும் வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டம் 403, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 314.

அந்தப் பிரிவில் உள்ள எடுத்துக்காட்டுகள் எட்டாம் வகுப்புக்கு நடத்தவே எழுதியவை போல இருக்கும். சாலையில் ஒரு ரூபாய் கிடக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை, எடுத்தான். எடுத்தது மட்டும் குற்றமில்லை. சாலையில் ஒரு கடிதம் கிடக்கிறது, உள்ளே பணத்தாள், கடிதத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது, இருந்தும் தனக்கு எடுத்துக்கொண்டான், குற்றம். வேறுபாடு பெயர் தெரிந்ததில்தான். நம் பெட்டி மேல் பெயர் அச்சடித்தே இருந்தது.

இதை நான் எட்டாம் வகுப்பில் அப்படியே வைத்தேன். என் கதையையும் சேர்த்து. ஒரு காலி அட்டைப்பெட்டி, அதன் மேல் ஊர் விடுபட்ட ஒரு கற்பனை முகவரி, "இப்போ என்ன செய்வீங்க?" அவ்வளவுதான் பாடம். இரண்டு பாடவேளை போனதே தெரியவில்லை.

ஒருவன் கேட்டான், "திறந்து பார்த்தாத்தானே சார் யாருதுன்னு தெரியும்?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல நான் படிக்க வேண்டியிருந்தது. அஞ்சல் துறையில்கூட, பெறுநரும் கிடைக்காமல் அனுப்பியவரும் தெரியாமல் போன கடிதத்தை யார் வேண்டுமானாலும் பிரித்துவிட முடியாது. அதற்கென்று தனி அலுவலகம் உண்டு. 'டெட் லெட்டர் ஆபீஸ்' என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். அங்கே அதற்கென நியமிக்கப்பட்டவர், முகவரி தேடுவதற்காக மட்டும் பிரிப்பார். அவர்களுக்கே அவ்வளவு கட்டுப்பாடு என்றால் நமக்கு?

இன்னொரு பிள்ளை, "உள்ள பட்டாசு இருந்தா?" என்றாள். வகுப்பே சிரித்தது. விருதுநகர் மாவட்டத்தில் இது சிரிக்கிற கேள்வி இல்லை. கசிவு, வாடை, சந்தேகம் இருந்தால் தொடாதே, பெரியவர்களிடம் சொல், 112க்குப் பேசு என்றேன்.

"போன் நம்பர் இருக்குல்ல சார், குழுவுல போட்டா சீக்கிரம் கண்டுபிடிச்சுரலாம்" என்று ஒருத்தி சொன்னபோது எனக்குத்தான் முகம் சுருங்கியது. ஒரு சீட்டில் பெயர், வீடு, அலைபேசி, சில நேரம் என்ன பொருள், என்ன விலை என்பது வரை இருக்கிறது. மோசடிக்காரனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? அந்த எண்ணுக்கு நாம் ஒருவரே பேசினால் போதும். பேசும்போதும் ஓடிபி, பணம் எதுவும் கேட்கக் கூடாது, கேட்டால் அவர் நம்பவும் கூடாது. மோசடி அழைப்பு வந்து பணம் போயிருந்தால் 1930க்கு உடனே சொல்ல வேண்டும். இதையும் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

மற்றபடி செய்ய வேண்டியது சின்ன வேலைதான். தபால் என்றால் பிரிக்காமல், "இந்த முகவரியில் இவர் இல்லை" என்று தேதியோடு எழுதி, தபால்காரரிடமோ கிளை அஞ்சலகத்திலோ அன்றே கொடுத்துவிடலாம். பழைய முகவரி மேல் கிறுக்க வேண்டாம், அவர்களுக்கு அது வேண்டும். கூரியர் என்றால் சீட்டிலுள்ள கண்காணிப்பு எண்ணைச் சொல்லி நிறுவனத்துக்குப் பேச வேண்டும். திருப்பிக் கொடுக்கும்போது யாரிடம், எப்போது என்று ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். பொதுத்தேர்வு வினாத்தாள் கட்டைப் பிரிக்கும் முன் பாடமும் தேதியும் சீலும் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டுப் பழகியவர்கள் நாம். அந்தக் கவனத்தில் கால்பங்கு போதும்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. வந்த கவர், பார்சல், யார் வாங்கியது, யாரிடம் போனது. பிள்ளைகளே வாரம் ஒருவராக எழுதுகிறார்கள். எழுத்துப்பிழைகள் இருக்கின்றன, திருத்துவதில்லை.

பாடம் முடியும்போது கடைசி பெஞ்சில் இருந்து ஒருவன் கேட்டான், "சார், அந்த அண்ணனுக்குப் பிடிச்ச காசைத் திருப்பிக் குடுத்துட்டாங்களா?" அன்று திரும்பி வரும் வழியில் அந்த எண்ணூறை நான் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். "வேண்டாம் சார், அடுத்த மாசம் சேத்துருவாங்க" என்று மறுத்துவிட்டான். பிள்ளை கேட்டதற்காக அன்று மாலையே அவனுக்குப் போன் போட்டேன். எண் உபயோகத்தில் இல்லை என்றது. அந்த வட்டாரத்தில் இப்போது பார்சல் கொண்டுவரும் புதுப் பையனிடம் கேட்டேன். அவர் வேலையை விட்டுட்டு மில்லுக்குப் போய்ட்டார் என்றான். எந்த மில் என்று அவனுக்குத் தெரியவில்லை. அருப்புக்கோட்டைப் பக்கம் மில்லில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், கூட்டம் முடிந்ததும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவனுடைய பெயரை மேடையில் சொல்ல வேண்டாம், தனியே சொல்கிறேன்.